ஊர்க் காப்பு

“எங்க ஊர்ல காப்புக் கட்டியாச்சு. நான் ராத்திரி வெளியில தங்கக் கூடாது. பொழுது சாய வீட்டுக்குத் திரும்பிடணும்.”

மணமேல்குடி டீக்கடையில் திருமுருகன் இப்படிச் சொன்னதும் ரகுநாத்துக்குத் தின்ற வடை தொண்டையிலேயே நின்றது.

துபாயிலிருந்து லீவில் வந்திருப்பவன் திருமுருகன். மூன்று சிநேகிதர்களும் ரகுநாத்தின் காரில் கடலோரமாகவே போவது, மீமிசல் பக்கம் ஒரு ராத்திரி தங்குவது, மறுநாள் தனுஷ்கோடி என்று திட்டம் போட்டதே அவன்தான். அடுத்த வாரம் அவனுக்கு ஃபிளைட். இதை விட்டால் இனி எப்போது சேர்வார்களோ.

“என்னடா திடீர்னு காப்பு?” என்றான் ரகுநாத்.

“மாரியம்மன் திருவிழாடா. காப்புக் கட்டிட்டா ஊர்க்காரங்க யாரும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. தெரியாதாக்கும்?”

“அது தெரியும். காலையில கார்ல ஏறுறப்பவே ஏன் சொல்லல?”

“மறந்துட்டேன்.”

சாமி விஷயத்தை மறந்துபோகிறவனுக்கு சாமி மேல் இவ்வளவு பயமா? ரகுநாத்துக்கு மண்டைக் குடைச்சல் ஆரம்பித்துவிட்டது.

அவனை விடக் கோபம் நிலவழகனுக்கு. அறந்தாங்கியில் அவனை வீட்டில் போய் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். ஏறியதிலிருந்து ராத்திரித் தங்கலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தவன் அவன்.

“துபாய்ல லிஃப்ட் மாட்டுறவன் பேசுற பேச்சாடா இது? ஊர் எல்லையில நின்னு தலையையா எண்ணப் போறாங்க?”

“எண்ண மாட்டாங்க. ஆனா எங்க ஆத்தா மனசு கஷ்டப்படும்டா.”

“சரி, வெளிநாட்டுச் சரக்கு கொண்டு வாரேன்னியே. அதையாச்சும் இங்கிட்டு எடு.”

“அதை எடுத்துட்டு வரலடா.”

ரகுநாத் திரும்பிப் பார்த்தான். “காலையில டிக்கியில ஒரு பை வச்சியே?”

“அது ஆத்தாவுக்கு மருந்து.”

“மருந்து கிணுகிணுன்னு சத்தம் போடுமா?”

“டானிக்குடா.”

யாரும் சிரிக்கவில்லை.

கோட்டைப்பட்டினத்தில் மத்தியானச் சாப்பாடு. திருமுருகன் ஒரு தட்டு நண்டு வறுவல் சொன்னான். வந்ததும் மும்முரமாக ஓட்டை உடைக்க ஆரம்பித்தான்.

ரகுநாத் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “காப்புக் கட்டுன ஊர்க்காரன் கவுச்சி திங்கலாமா?”

திருமுருகன் கை கொஞ்சம் நின்றது. பிறகு, “எங்க ஊர்ல தங்கத்தான் கூடாது. திங்கலாம்” என்றான்.

“நல்ல வசதியான சாமிடா ஒங்க சாமி.”

மீமிசலில் கடல் அலையே இல்லாமல் குளம் மாதிரி கிடந்தது. ரகுநாத்தும் திருமுருகனும் முழங்கால் தண்ணீரில் கொஞ்ச தூரம் நடந்தார்கள். நிலவழகன் காரை விட்டு இறங்கவே இல்லை. ரூமுக்காரருக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டு, ரகுநாத் வண்டியைத் திருப்பினான்.

அறந்தாங்கியில் நிலவழகன் வீட்டு வாசலில் கார் நின்றது. அவன் மனைவி பொற்கொடி வெளியே வந்தாள்.

“என்னண்ணே, நாளைக்கு வாரோம்னுட்டு இன்னைக்கே வந்துட்டீங்க?”

“எங்க ஊர்ல காப்பும்மா” என்றான் திருமுருகன்.

“சாமி விஷயம்னா என்ன செய்ய முடியும்? உள்ள வந்து காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போங்கண்ணே.”

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம். இனிமே இவன் கூப்பிட்டா நான் தெருமுக்குக்குக் கூட வர மாட்டேன்” என்று நிலவழகன் கார்க் கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே போனான்.

திருமுருகனின் ஊர் வல்லத்திராக்கோட்டை வந்தது.

“மெயின் ரோட்டுலயே எறக்கி விட்டுரு. நான் நடந்துக்கிறேன்” என்றான் திருமுருகன்.

“காலையிலயும் மெயின் ரோட்டுலதான் வந்து நின்ன. இவ்வளவு தூரம் வந்துட்டேன், ஒங்க ஊர்த் திருவிழாவையாச்சும் பாத்துட்டுப் போறேன்.”

சொல்லிக்கொண்டே ரகுநாத் காரை ஊருக்குள் திருப்பினான்.

தெருவில் வேப்பிலைத் தோரணம் இல்லை. ரேடியோ செட் இல்லை, ட்யூப்லைட் இல்லை. மாரியம்மன் கோயில் கதவு சாத்தியிருந்தது. வாசலில் யாரோ நெல் காயப்போட்டிருந்தார்கள்.

ரகுநாத் இன்ஜினை நிறுத்தினான்.

“காப்புக் கட்டுன ஊராடா இது?”

திருமுருகன் இறங்கிப் போய், டிக்கியைத் திறந்து பையை எடுத்தான்.

“ஒன்கூட ஒரு நாள் சேந்து இருக்கலாம்னு ஆசைப்பட்டுத்தான்டா லீவு போட்டுட்டு வந்தேன்” என்றான் ரகுநாத். “எங்களோட இருக்கப் பிடிக்கலன்னா நேரா சொல்லிருக்கலாம்ல? சாமி பேரச் சொல்லியா ஏமாத்துவ? நெலவழகன் எவ்வளவு கோவமாப் போறான் பாத்தியா?”

“கோவமாவே இருக்கட்டும்டா.”

“ஏன்டா?”

திருமுருகன் கார் ஜன்னலருகே வந்து குனிந்தான்.

“இனிமே குடிக்க மாட்டேன்னு அவன் கோயில்ல சத்தியம் பண்ணிக் கயிறு கட்டியிருந்தானாம். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். காலையில நான் கூப்பிடப் போனப்ப அவன் உள்ள சட்டை மாத்திக்கிட்டு இருந்தான். அவன் அவுத்து வச்ச கயித்தக் கையில வச்சுக்கிட்டு, பொற்கொடி இதைச் சொல்லிட்டு, என்னைப் பாத்து மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாம நின்னுச்சுடா.”