அம்மா கேட்ட அர்த்தம்

நுழைவுத் தேர்வுக்கு நான்கே நாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, ஆங்கிலச் சொற்கள் புத்தகத்தோடு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள் அம்மா. அவளுக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. அவள் எழுத்துக்கூட்டிக் கேட்க, மகள் பட்பட்டென்று பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"டி, ஈ, ஆர், எம், ஐ, என், ஏ, எல்."

"டெர்மினலா? என்னம்மா, இவ்வளவு லேசா கேக்குற! கடைசின்னு அர்த்தம். பஸ்ஸெல்லாம் கடைசியா வந்து நிக்குமே, அந்த மாதிரி."

"அதுக்கு மேல போகாதா?"

"போகவே போகாது. எல்லாரும் இறங்கிட வேண்டியதுதான்" என்று சிரித்தாள் மகள்.

அம்மா சற்று நேரம் பக்கத்தையே பார்த்தாள். "கெட்டிக்காரிடி நீ" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அடுத்த வார்த்தைக்குப் போனாள்.

மகள் தேறினாள். ரிசல்ட் வந்தபோது அம்மா இல்லை. "வெறும் அசதிதான், சரியாப் போயிடும்" என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்லூரிக்குக் கிளம்புமுன், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கலாமென்று புத்தகத்தை எடுத்தாள் மகள். உள்ளிருந்து மடித்த தாள் ஒன்று விழுந்தது. அம்மாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட். தேர்வுக்கு ஐந்து நாள் முந்தைய தேதி. டெர்மினல் என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் பென்சில் கோடு.

புத்தகம் முழுக்கத் தேடினாள். அந்தச் சொல் அதில் எங்கேயும் இல்லை.

அம்மாவுக்கு அர்த்தம் சொன்னவள் அவள்தான். சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.