கெட்ட செய்தி வகுப்பு

வகுப்புக்கு வெளியே பெஞ்சில் இருந்தவளை உள்ளே அழைத்தது பேராசிரியர்தான்.

“வாங்கம்மா. உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கோம்.”

நோயாளியின் மனைவியாக நடிக்க நாடகக் குழுவிலிருந்து ஒருத்தி வருவதாக இருந்தது. சாயம்போன சேலை. மடியில் ஒயர்கூடை, அதற்குள் ஃபிளாஸ்க். வேஷப் பொருத்தத்தை அவர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

அன்றைய பாடம், கெட்ட செய்தியைச் சொல்வது எப்படி.

பதினோரு வருடமாக மருத்துவ மாணவர்களுக்குக் கனிவாகப் பேசக் கற்றுத்தருகிறார். வீட்டில் இதற்குச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது.

மாணவி நஸ்ரின் நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“உங்க வீட்டுக்காரருக்கு என்னன்னு இதுவரைக்கும் சொல்லியிருக்காங்கம்மா?”

“வயித்துல கட்டின்னாவ. காலைல ஆப்பரேசனுக்கு உள்ள கூட்டிட்டுப் போனாவ.”

நஸ்ரின் அவசரப்படவில்லை. மெல்லச் சொன்னாள். புற்றுநோய். பரவிவிட்டது.

சொன்ன பிறகு பேசாமல் இருந்தாள். மாணவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடுகிற இடம் அது.

அந்த அம்மாள் அழவில்லை. ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

நஸ்ரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என்ன நடிப்பு. அவர் இருவருக்கும் பத்துக்குப் பத்து போட்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு இன்னொருத்தி வந்து நின்றாள்.

“மன்னிச்சுக்குங்க சார், பஸ்ஸு வழியிலயே நின்னுபோச்சு. கிளிசரின் குடுப்பீங்களா, நானாவே அழுதுரவா?”

முப்பது மாணவர்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் அந்த அம்மாளிடம் கணவன் பெயரைக் கேட்டார்.

“சுடலைமுத்து.”

வார்டுக்கு ஓடினார். ஐம்பத்தாறு வயதுக்கும் அந்தத் தொந்திக்கும் ஆகாத ஓட்டம். கேஸ் ஷீட்டைப் புரட்டினார். சர்ஜனை மறித்துக் கேட்டார்.

வெறும் கொழுப்புக்கட்டி. எடுத்தாயிற்று. ஆள் மயக்கம் தெளிந்து காப்பி கேட்கிறாராம்.

திரும்பி ஓடிவந்தார். வாசலிலேயே நின்று கொட்டினார்.

“ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமே இல்ல. இது சும்மா பாடம். தப்பு என்னோடது. வெறும் கொழுப்புக்கட்டிதான். பயப்படவே வேண்டாம். சாயங்காலம் அவரப் பாக்கலாம், நாளன்னைக்கு வீட்டுக்கே போகலாம்.”

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையை மட்டும் விடவில்லை.

அவர் இன்னும் சத்தமாக ஒருமுறை சொன்னார். கேஸ் ஷீட்டை நீட்டினார். அது ஆங்கிலத்தில் இருந்தது.

“நான் சொல்றத நம்புறீங்கள்லம்மா?”

“இல்ல சார்.”

குரலில் கோபம் இல்லை.

“ஒண்ணுமில்லன்னு சொல்லதுக்கு யாராவது இப்பிடி ஓடி வருவாவளா? இந்தப் பிள்ளயச் சொல்லச் சொல்லுங்க. இது சொன்னா நம்புதேன்.”