ஆர்மோனியத்துக்கு ஒரு மைக்

விழா நாயகரே விழாவைக் கெடுத்தால் செயலாளர் எங்கே போய் முட்டிக்கொள்வது?

எழுபத்திரண்டாம் வருஷம். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். நாற்பது வருஷம் நாடகங்களுக்கு மெட்டுப் போட்ட ஞானையாவுக்குப் பாராட்டு விழா. அவர் பாட்டுகளை மட்டுமே வைத்து ஒரு கச்சேரி. ஆறு மாதம் நாயாய் அலைந்து ஏற்பாடு செய்தவர் விழாச் செயலாளர் சுவிசேஷமுத்து வாத்தியார்.

கூட்டம் வந்ததென்னவோ ரத்தினபாய்க்காக. அந்தக் காலத்து நாடகக் கதாநாயகி, பதினைந்து வருஷமாக மேடை ஏறாதவர். முதலில் மாட்டவே மாட்டேன் என்றார். ஞானையா போய்ப் பேசிய பிறகுதான் சம்மதித்தார். 'ரத்தினபாய் மீண்டும் பாடுகிறார்' என்று பல்லாவரம் வரைக்கும் நோட்டீஸ் ஒட்டியாயிற்று.

ஞானையாவுக்குச் சால்வை போர்த்தி, முன்வரிசை சோபாவில் உட்காருங்கள் ஐயா என்றால் மனுஷன் கேட்டால்தானே? மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நேரே மேடையேறினார். அங்கிருந்த ஆர்மோனியக்காரரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டார். கல்யாண மாப்பிள்ளை பந்தி பரிமாறக் கிளம்பின கதைதான்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ரத்தினபாய் குரல் மேலே ஏறும் இடமெல்லாம் ஆர்மோனியம் அலறியது. அந்த அம்மா பாடுகிறாரா, வாயசைக்கிறாரா என்றே தெரியவில்லை. கிழவருக்கு இன்னும் தன் பெருமைதான் என்று பின்வரிசையில் யாரோ சொன்னது வாத்தியார் காதிலேயே விழுந்தது.

இரண்டு பாட்டுக்கு நடுவே மேடையோரம் போய்க் குனிந்தார்.

"ஐயா, கொஞ்சம் மெதுவா வாசிங்க. ஜனங்க அந்தம்மா குரலைக் கேக்க வந்திருக்காங்க."

"பழக்கதோஷம் வாத்தியாரே" என்று சிரித்தார் ஞானையா. அடுத்த பாட்டில் இன்னும் பலமாக வாசித்தார்.

வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று சவுண்ட் செட் அயூப்பிடம் நடந்தார். மிச்சமிருப்பது ஒரே பாட்டு, ரத்தினபாய்க்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டு. அதையாவது ஜனங்கள் கேட்கட்டும், ஆர்மோனிய மைக்கை நிறுத்து என்றார்.

அயூப் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார். "வாணாம் சார். சொன்னா கேளு."

சொன்னதைச் செய்யப்பா என்று வாத்தியார் எரிந்து விழுந்தார். அயூப் குமிழைத் திருகினார்.

அனுபல்லவி வந்தது. ரத்தினபாய் குரல் ஏறியது, பாதி வழியில் உடைந்து வெறும் காற்றாகப் போயிற்று. அடுத்த வரியில் அந்தக் காற்றும் இல்லை. மைதானம் கப்சிப்.

ஞானையா நிமிர்ந்து அயூப்பைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வாத்தியாரையும் பார்த்தார்.

வாத்தியாருக்கு உடம்பே கூசிப்போயிற்று. போடப்பா என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அயூப் போட்டுவிட்டார். ஆர்மோனியம் பழையபடி அலறிக்கொண்டு வந்து பாட்டைத் தூக்கி நிறுத்தியது. ஜனங்கள் ஞானையாவைத் திட்டி முணுமுணுத்துக்கொண்டே ரத்தினபாய்க்குக் கைதட்டினார்கள்.

மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வாத்தியார் மேடைக்குப் பின்னால் ஓடினார். அதற்குள் ரத்தினபாய் கண் கலங்க ஞானையாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"குரல் போயிடுச்சுண்ணா, நீங்க மூடி மறைச்சு வாசிச்சாதான் ஏறுவேன்னு சொல்லித்தானே வந்தேன். அந்த ரெண்டு வரியில என்னை ஏன் தனியா விட்டீங்க?"

ஞானையா வாத்தியார் பக்கம் திரும்பவே இல்லை.

"என் கைதாம்மா நழுவிடுச்சு" என்றார். "வயசாயிடுச்சு இல்லையா."