செவ்வாய்க்கிழமை நைட்ரஜன்

வெண்புகை விலகியபோது பெட்டியில் ஒரே ஒரு குப்பிதான் நின்றது.

எல்-14 என்ற நோயாளியின் பன்னிரண்டு குப்பிகளில் கடைசி.

'காணோம்' என்று சொல்லிவிடலாமா என்று பெனடிக்ட் ஒரு கணம் யோசித்தார். அந்த ஆய்வகத்தில், செல்களை உறையவைத்துக் காக்கும் திரவ நைட்ரஜன் கேனுக்குள் கைவிடுகிற உதவியாளர் அவர் ஒருவர்தான். அவர் 'இல்லை' என்று சொன்னால் இல்லைதான்.

பின்னால் பவதாரிணி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சியில் இந்த ஒரு சோதனைதான் பாக்கி. இதே நோயாளியின் வெள்ளணுக்கள் வேண்டும். வேறு யாருடையதும் ஆகாது.

"கெடச்சிருச்சாண்ணே?"

எடுத்தார்.

உறைந்த செல்லை உடம்புச் சூட்டில் சட்டென்று உருக்க வேண்டும். சுணங்கினால் செத்துவிடும். அதற்கான வெந்நீர்த் தொட்டி காலையிலிருந்து பழுது. அவள் கெட்டிலைத் தேடிக் கிளம்பினாள்.

"எதுக்கும்மா அது? கையிலயே உருக்கிருவேன். முன்னாடியெல்லாம் அப்படித்தான்."

பொய். அப்படி ஒருநாளும் அவர் செய்ததில்லை.

கையுறையைக் கழற்றினார். குப்பியை டிஷ்யூவில் சுற்றி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். குளிர் என்றே தெரியவில்லை. நெருப்புக் கங்கைப் பிடித்தது போலிருந்தது.

"வலிக்குதாண்ணே?"

"இல்லம்மா."

அவர் முதுகுக்குப் பின்னால் துறையில் ஒரு பேச்சு உண்டு. அது அவருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமைதான் கேனில் நைட்ரஜன் நிரப்பும் நாள். ஐந்து வருடமாக ஒரு செவ்வாய்கூட அவர் தவறியதில்லை. பொங்கலுக்கு வந்தார். அழகர் ஆற்றில் இறங்கியதற்கு ஊரே விடுமுறையில் இருந்தபோதும் வந்தார். பெற்ற மகளை அடக்கம் செய்ததும் ஒரு செவ்வாய்தான். அன்றைக்கும் கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரே பஸ் ஏறி வந்துவிட்டார்.

'இப்படியும் ஒரு அப்பனா?' என்றார்கள்.

அவர் மனைவி விக்டோரியா முகத்துக்கு நேரே சொன்னாள். "மண்ணு போட்ட கையக் கூடக் கழுவாம வேலைக்கு ஓடுன மனுசன்." அதன்பிறகு வீட்டில் பேச்சு என்பது 'சோறு இருக்கு', 'கதவச் சாத்துங்க' என்ற அளவில் நின்றுபோனது.

கைக்குள் ஏதோ அசைவது போலிருந்தது. பனி இளகிவிட்டது.

பவதாரிணி வாங்கிக்கொண்டு போய், ஒரு சொட்டில் நீலச் சாயம் கலந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். சாயம் உள்ளே ஏறினால் செத்த செல். ஏறாவிட்டால் உயிருள்ளது.

"எம்புட்டும்மா உசுரோட இருக்கு?"

"நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு! அஞ்சு வருசம் ஐஸா கெடந்துச்சுன்னா யாரு நம்புவா? பொன்னாட்டம் பாதுகாத்திருக்கீங்கண்ணே."

அவள் மருந்துச் சொட்டை விட்டு, கடிகாரத்தில் ஐந்து நிமிடம் வைத்தாள். இனி நடப்பது அவருக்கு மனப்பாடம். சொட்டிலுள்ள சேதி செல்லின் மேல்தோலைத் தொடும். உள்ளே ஒரு புரதம் இன்னொன்றின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும், அது அடுத்ததன் மேல், அது அதற்கடுத்ததன் மேல். வாசலில் சொன்னது அடுப்படி வரை போவது போல. ஐந்தாம் நிமிடம் ஃபார்மலினை விட்டு எல்லாவற்றையும் இருந்த இடத்தில் நிறுத்திவிடுவாள். செல்லின் உயிர் அதோடு சரி.

"பதில் சொல்லுமாம்மா?"

"உசுரோட இருந்தா சொல்லத்தானண்ணே செய்யும்." அவள் பதிவேட்டைப் புரட்டினாள். பேரெல்லாம் ஆஸ்பத்திரியோடு சரி. இங்கே எண்ணும் வயதும் மட்டும்தான். "பத்தொம்பது வயசுன்னு போட்டிருக்கு. எந்தப் புள்ளையோ. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

"நல்லா இருக்கட்டும்மா."

ஆராய்ச்சிக்கு ரத்தம் தர மகள் ஜாய்ஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடிதான் கையெழுத்துப் போட்டாள். முடியெல்லாம் கொட்டியிருந்தது. அப்போதும் வாய் குறையவில்லை. "எங்கப்பாதான், டாக்டர், அங்க காவல். கெட்டுப்போக விட்ருவாரா?"

அவளை அடக்கம் செய்ததற்கு முந்திய வாரம் நைட்ரஜன் வண்டி வரவில்லை. கல்லறையில் கடைசிப் பிடி மண்ணைப் போடும்போதுதான் அவருக்கு அது உறைத்தது. ஓடிவந்து கேனுக்குள் அளவுகோலை இறக்கிப் பார்த்தார். அடியில் இரண்டு விரற்கடை. சாயங்காலம் வரை தாங்கியிருக்காது.

விக்டோரியாவிடம் அவர் இதைச் சொல்லவில்லை. சொன்னால், பன்னிரண்டு பதினொன்றானதையும் பதினொன்று பத்தானதையும் வந்து சொல்ல வேண்டியிருக்கும். ஒரே பிள்ளையை அவள் பன்னிரண்டு தடவை பறிகொடுக்க வேண்டியிருக்கும்.

கடிகாரம் அடித்தது.

பவதாரிணி ஃபார்மலினை விட்டாள்.

பெனடிக்ட் உள்ளங்கையைப் பார்த்தார். குப்பியின் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு தடம்.

"அண்ணே, செவ்வாக்கெழம வண்டி வந்துருமாம்."

"பக்கத்து லேப் மலைச்சாமிய ரொப்பச் சொல்லும்மா. நான் லீவு."

"நீங்களா? லீவா?" அவளுக்குச் சிரிப்பு தாளவில்லை. "அன்னைக்கு மதுரையில மழை பிச்சுக்கிட்டு ஊத்தப் போகுதுண்ணே."

அவர் கேனின் மூடியைத் துடைத்து மூடினார்.

"வீட்ல கொஞ்சம் பேச வேண்டியிருக்கும்மா."