பெரிய பாம்பு இருக்கும் கட்டம்

சதுரங்கத்துக்குப் பிறகு மனித குலத்துக்குக் கிடைத்த ஒரே விளையாட்டு, சுதர்சன் செய்திருக்கும் ‘வடக்கன் பரமபதம்’தான். அரியலூர் பிளாட்பாரத்தில் நின்று இதை அறிவிப்பவனும் சுதர்சன்தான். சிமெண்ட் ஆலைக்கு வேலை தேடி வரும் வடநாட்டுக்காரர்தான் அதில் காய். பான் துப்பினால் சின்னப் பாம்பு; ரிசர்வேஷன் இல்லாமல் ரிசர்வேஷன் பெட்டியில் ஏறிக் கக்கூஸ் ஓரம் உட்கார்ந்தால் பெரிய பாம்பு. திருச்சிக் கல்லூரி விழாவில் இன்று புது விளையாட்டு உருவாக்கும் போட்டி. காலை வெயிலில் அட்டையின் வார்னிஷ் மினுங்குகிறது.

“எங்கண்ணன் சிங்கப்பூர்ல கம்பி கட்டுறான். அங்க எவனாச்சும் அவனக் காயா வெச்சு வெளையாடுனா சிரிப்பியாடா?” என்கிறாள் எங்களோடு விழாவுக்கு வரும் எங்கள் வகுப்பு வெற்றிச்செல்வி. அட்டையைத் தடை செய்யச் சொல்லி ஹெச்.ஓ.டி.யிடம் புகார் கொடுத்தவள் அவள்.

“நையாண்டி புரியணும்னா மூளை வேணும்டி.”

ரயில் வருகிறது. பொதுப்பெட்டியில் வாசல்வரை ஆட்கள் தொங்குகிறார்கள். இதை விட்டால் போட்டி போச்சு. அட்டையை அணைத்துக்கொண்டு சுதர்சன் ரிசர்வேஷன் பெட்டிக்குள் பாய்கிறான், பின்னால் நாங்கள். கக்கூஸ் ஓரம் மட்டும்தான் இடம். சிமெண்ட் ஆலை அடையாள அட்டை கழுத்தில் ஆட, போனில் இந்தி பேசியபடி ஒருவர் வருகிறார்.

“தம்பி, கொஞ்சம் வழி. நம்ம சீட் உள்ள இருக்கு.” பிறகு, முகமெல்லாம் சிரிப்பாக, “அது என்ன, லூடோவா? வாங்க, ஒரு ஆட்டம் போடலாம்.”

வெற்றிச்செல்வி கதவுப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரிக்கிறாள். சுதர்சன் அட்டையைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு உட்காருகிறான்.