முன்னூற்று இருபத்தைந்து

“இஞ்சருங்கோ, முன்னூற்றி இருபத்தைஞ்சு எண்டு எழுதியிருக்கு. எங்கட அவணில இருநூற்றைம்பதோட முடியுதே!”

சிவமலர் ஒரு கையில் தாளையும் மறு கையில் மூக்குக்கண்ணாடியையும் பிடித்தபடி அவண் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தாள். மேசையில் ஐந்து கிலோ வான்கோழி, உப்பும் வெண்ணெயும் பூசிக்கொண்டு காத்திருந்தது.

உருத்திரமூர்த்தி பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஸ்டுட்கார்ட் வீடுகளுக்குச் சூடாக்கிகள் பொருத்தும் வேலையில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். “சூடெண்டால் என்னட்டையெல்லோ முதல் கேக்கவேணும். தாரும் பாப்பம்.”

அமெரிக்க மருமகள் மெலனி, முன்பு இந்த வீட்டில் சமைத்த அன்று, தன் கையால் எழுதிய தாள் அது. ‘325. நான்கு மணி நேரம். இடையில் கதவைத் திறக்கக் கூடாது.’ அவ்வளவுதான்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு ஒரு நவம்பர் வியாழக்கிழமை. தன் நாட்டு நன்றி கூறும் நாளுக்கு, புருசன் வீட்டுச் சனம் இருபது பேரைக் கூப்பிட்டு, அப்போது பக்கத்துத் தெருவில் குடியிருந்த மெலனி, மாமியாரின் இதே அவணில் வான்கோழி வைத்தாள். புகைமணி அலறியபோது கோழி கரியாகியிருந்தது.

“கரி தின்னவோ பிள்ளை எங்களைக் கூப்பிட்டனீர்?” என்று சிவமலர் கேட்டாள். வீடே சிரித்தது. மகன் துவாரகன் மட்டும் சிரிக்கவில்லை. மெலனிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சிரிப்பு விளங்கியது. அவணின் சூட்டுக் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் மாதம் இருவரும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள்.

இன்று மாலை ஆறு மணிக்கு, மூன்று வயதுப் பேரனோடு, முதல் தடவையாகத் திரும்பி வருகிறார்கள். ஹோட்டலில் அறை எடுத்திருப்பதாகத் துவாரகன் முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

“சாப்பாடு சரிவந்தால் ஒருவேளை இஞ்சயே தங்குவினம்,” என்றாள் சிவமலர். “பேரனுக்கு மெத்தையும் போட்டிட்டன்.”

“எனக்கு ஒண்டு விளங்கேல்லை.” உருத்திரமூர்த்தி குமிழை விரலால் தட்டினார். “அண்டைக்குப் புகை வரேக்கை ஓடிவந்து நிப்பாட்டினது நான். குமிழ் கடைசியில, இருநூற்றைம்பதில நிண்டது. அதிலயே கரி. முன்னூற்றி இருபத்தைஞ்செண்டால் சாம்பலெல்லோ மிஞ்சும்? என்னெண்டு இப்பிடி எழுதினவள்?”

சிவமலர் ஈரத் துணியால் குமிழைச் சுற்றியிருந்த எண்களைத் துடைக்கத் தொடங்கினாள். அவற்றின் நடுவே மிளகளவில் ஒரு சிவப்புப் புள்ளி.

“உது போகாது, விடும். ஐஞ்சு வருசமாத் தேய்க்கிறீர்.”

தொலைபேசி அடித்தது. மேல்மாடி ரஞ்சினி. “என்னக்கா, ஒரு மணத்தையும் காணேல்லை? இண்டைக்கும் கரிக்கோழிதானோ?”

அந்தப் பெயரை வைத்ததே சிவமலர்தான். கலியாண வீடு, கோயில், பிறந்தநாள் என்று போன இடமெல்லாம் சொல்லிச் சிரித்த கதை. “எனக்கு வேலை கிடக்கு, வையும்,” என்று துண்டித்தாள்.

“ஏன் கோவிக்கிறீர்? உம்மட பகிடிதானே,” என்றார் உருத்திரமூர்த்தி.

“மணி ஒண்டரையாகுது. இன்னும் கோழி உள்ளுக்குப் போகேல்லை.”

“துவாரகனுக்குப் போன் அடிச்சுக் கேப்பமோ?”

“ஐயோ வேண்டாம்! பக்கத்தில அவள் இருப்பாள். அந்த நாளை நாங்களே ஞாபகப்படுத்தவோ?”

உருத்திரமூர்த்தி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

“இஞ்சேரும், ஊரில உமக்குக் காய்ச்சல் வந்தால் டொக்டர் எவ்வளவெண்டு சொல்லுவார்?”

“நூற்றிரண்டு, நூற்றிமூண்டு எண்டுவார்.”

“இஞ்ச?”

“முப்பத்தொன்பது.”

“அப்ப ஜெர்மனிக்கு வந்தவுடன காய்ச்சல் குறைஞ்சு போச்சோ?”

“விசர்க்கதை கதைக்காதேங்கோ.”

“காய்ச்சல் அதுதான், அளவுதான் வேற! ஊர் டொக்டர் வைச்சிருந்த பழைய அளவிலதான் அமெரிக்கர் இப்பவும் நிக்கினம். அதில தண்ணி உறையிறது முப்பத்திரண்டில, கொதிக்கிறது இருநூற்றிப் பன்னிரண்டில. இடையில நூற்றியெண்பது படி. எங்கட அளவில அதே தூரம் நூறு படிதான். அப்ப, முதல்ல முப்பத்திரண்டைக் கழிக்கவேணும். மிச்சத்தை ஐஞ்சால பெருக்கி ஒன்பதால பிரிக்கவேணும். அவ்வளவுதான்!”

பேப்பரின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். “இருநூற்றித் தொண்ணூற்றி மூண்டு... ஐஞ்சால பெருக்கினால் ஆயிரத்தி நானூற்றி அறுபத்தைஞ்சு... நூற்றி அறுபத்து மூண்டு!”

சிவமலர் துணியைக் கீழே வைத்தாள். “நூற்றி அறுபத்து மூண்டோ? வடிவாப் பாத்தனீங்களோ?”

“ரெண்டு தரம் பாத்திட்டன். பாவம் மெலனி, தன்ர நாட்டுக் கணக்கை மாத்தத் தெரியாமல் குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பிப்போட்டாள்.”

அவர் குமிழை மெல்லத் திருப்பினார். நூற்றைம்பதைத் தாண்டி, இன்னும் ஒரு நூல். கை அப்படியே நின்றது.

“இதென்ன, சரியா உந்தச் சிவப்புப் புள்ளிக்கு நேர நிக்குது? ஆர் இதை இதில வைச்சது?”

“மெலனிதான். தன்ர நகப்பூச்சால,” என்றாள் சிவமலர். குரல் தரையைத் தொட்டது. “அண்டைக்கு இந்தப் புள்ளியில வைச்சிட்டுத்தான் உடுப்பு மாத்தத் தங்கட வீட்டை போனவள். தாளைப் பாத்திட்டு, பிள்ளை குறைச்சு வைச்சிட்டுதெண்டு, கடைசி வரைக்கும் திருப்பினது நான்.”