ஆளுக்கொரு பாஸ்வேர்டு

"இனிமே பொதுப் பாஸ்வேர்டுங்கிற பேச்சே கிடையாது! ஆளுக்கு ஒண்ணு. கட்டின பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லக் கூடாது!"

மேனேஜர் மேஜையைத் தட்டிச் சொன்னதில் என் டீ தளும்பிவிட்டது.

எங்களுடையது மருந்துக் கிடங்கு. எந்தப் பெட்டி வந்தது, எது போனது, எது காலாவதி, எல்லாம் ஒரே டேட்டாபேஸில். அதில் நுழைய பதினாலு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மறந்துவிடக் கூடாதே என்று கம்ப்யூட்டர் நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருந்தோம். போன மாதம் யாரோ காலாவதியான மருந்தை 'நல்லது' என்று பதிந்துவிட்டார்கள். யார் என்று கேட்டால் பதினாலு பேரும் கூரையைப் பார்த்தோம்.

அதனால் சிஸ்டம்காரர் வந்தார். மூன்று நாள் சர்வரோடு மல்லுக்கட்டிவிட்டு எங்களுக்கு விளக்கினார்.

"தலைமை ஆபீஸ்ல ஊழியர் டைரக்டரி இருக்கு இல்லையா? இனிமே உங்க டேட்டாபேஸ் அதைக் கேக்கும். 'இந்தப் பேர்ல ஆள் இருக்காரா, பாஸ்வேர்டு சரியா'ன்னு. அது 'ஆமா'ன்னாதான் உள்ள விடும். முப்பது நாளுக்கு ஒருதரம் பாஸ்வேர்டை மாத்தணும். மூணு தடவை தப்பா அடிச்சா பேர் பூட்டிக்கும், தலைமை ஆபீஸுக்குத் தகவல் போயிடும்."

"அப்போ யார் எத்தனை பதிவு போட்டாங்கன்னு தெரிஞ்சிடுமா?" என்றார் மேனேஜர்.

"புட்டுப் புட்டு வச்சிடும் சார்."

மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். 'பாஸ்வேர்டை எவரிடமும் சொல்லாதே' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து அன்றே சுவரில் ஒட்டினார். "இப்போ தெரிஞ்சிடும், யார் வேலை செய்யறாங்க, யார் பெஞ்சைத் தேய்க்கறாங்கன்னு" என்று ஆமையைப் பார்த்தார்.

ஆமை என்பது அவள் பேரில்லை. அந்தப் பட்டப்பெயரை வைத்த புண்ணியவதி நான்தான். மூன்று வருஷமாக அவளுக்குத் தற்காலிக வேலை. நாங்கள் கிளம்பும்போதும் கீபோர்டை விட்டுத் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் பங்கு வேலை மட்டும் முடிந்தே இருக்காது.

"இந்த மாசம் நிரந்தரம் பண்ற லிஸ்ட் போகுதாம்க்கா. இந்தத் தடவையாவது என் பேர் வந்துடும் இல்ல?" என்று என்னைக் கேட்டாள். நான் என்ன சொல்வேன்? "கொஞ்சம் வேகமா பண்ணுடி" என்றேன்.

மேனேஜரும் தினமும் காலையில் அவளை அறைக்குள் கூப்பிடுவார். கதவு சாத்தியிருக்கும். பத்து நிமிஷம் கழித்துக் கை நிறைய ஃபைலோடு, தொங்கின முகத்தோடு வெளியே வருவாள். 'செம டோஸ்' என்று நாங்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வோம். பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

புது ஏற்பாடு வந்து ஒரு மாதம் ஆனது. மேனேஜர் எல்லோரையும் கூட்டினார். சிஸ்டம்காரர் கணக்கைத் திரையில் போட்டார்.

முதலிடம், மேனேஜர். சரிபார்த்த பதிவுகள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு!

இந்த மனுஷனையா இத்தனை நாள் தப்பாக நினைத்தோம்? கைதட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

"பாத்துக் கத்துக்கோங்க" என்றார் அவர், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு.

கடைசி இடம், ஆமை. நாற்பத்து மூன்று.

"மாசம் பூரா நாப்பத்து மூணு! இவங்களை நிரந்தரம் பண்ணினா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. சிஸ்டம் சார், லிஸ்ட்ல இவங்க பேருக்கு 'வேண்டாம்'னு போட்டு அனுப்பிடுங்க."

அவள் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"அதை நான் போட முடியாது சார்" என்றார் சிஸ்டம்காரர். "நீங்க உங்க பேர்ல நுழைஞ்சு நீங்களே அழுத்தணும். இந்த ஏற்பாடே அதுக்குத்தானே?"

"அவ்வளவுதானே!" என்று உட்கார்ந்தார் மேனேஜர். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார்.

தப்பு என்றது திரை.

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி அடித்தார். மறுபடி தப்பு.

"சார், இன்னும் ஒரே தடவைதான். அப்புறம் பூட்டிக்கும்" என்றார் சிஸ்டம்காரர். "தலைமை ஆபீஸ்ல காரணம் கேப்பாங்க."

மேனேஜருக்கு ஏசியிலும் வேர்த்தது. எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியில் ஆமைப் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். அந்த அமைதியில் அது பதினாலு பேர் காதிலும் விழுந்தது.

"ஏம்மா... என் பாஸ்வேர்டை மாத்திட்டியா?"

"ஆமா சார். முப்பது நாள் ஆச்சுன்னு கேட்டுது. உங்க ஃபைலெல்லாம் நின்னுடுமேன்னு நேத்து மாத்தினேன்."

சிஸ்டம்காரர் திரையில் இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். நான் தட்டின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"சரி சரி, என்னன்னு சொல்லு சீக்கிரம்!"

அவள் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள். சுவரில் இருந்த கொட்டை எழுத்தைக் காட்டி, ரொம்பப் பணிவாகச் சொன்னாள்.

"கட்டின பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லக் கூடாதுன்னீங்களே சார்... உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"